கள்ளக்கடலும் மூன்று எக்ஸ்போஷரும்

இந்த அறையின் ட்யூப்லைட்டை மாற்றச் சொல்லுங்கள், மேடம். இதற்குக் கீழே யார் உட்கார்ந்தாலும் மஞ்சள்காமாலைக்காரர் மாதிரித் தெரிகிறார். திருடனுக்கு அது பொருந்தும், அவன் அப்படியே இருக்கட்டும். இன்ஸ்பெக்டர் ஜெஸ்மி என்று மேஜையில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் நீங்கள் ஏன் அப்படித் தெரிய வேண்டும்? தக்கலையில் பல வருடமாக ஸ்டுடியோ வைத்திருப்பவன் என்கிற உரிமையில் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

நீங்கள் தந்த பேப்பரைப் படித்துவிட்டேன். சுத்தமான தமிழ். என் மனைவியின் தம்பி பிரதீஷ் தேங்காய்ப்பட்டணத்துப் பாறையிலிருந்து கடலில் விழுந்து இறந்தது விபத்து. மீன்பிடிக்கிற சபீர் அவனைப் பிடித்துத் தள்ளுவது போலத் தெரியும் படம் உண்மையான படம் இல்லை. அது பிரதீஷே முன்பு ஒருநாள் விளையாட்டாகச் செய்து வைத்தது. குடும்பத்தார் அதை நிஜம் என்று நம்பிப் புகார் கொடுத்துவிட்டார்கள். கீழே வைகுண்டராஜன் என்று நான் கையெழுத்துப் போட்டால் சபீர் ஜெயிலிலிருந்து வீட்டுக்குப் போவார், நான் கடைக்குப் போவேன், நீங்கள் ஃபைலைக் கட்டி அலமாரியில் வைப்பீர்கள். எல்லாருக்கும் சுகம்தான். ஆனால் அதில் ஒரு தப்பு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் நான் பேனாவைத் தொட மாட்டேன்.

தப்பு என்னவென்று புரிய, முதலில் தொழில் புரிய வேண்டும். அந்தி நேரத்துக் கடலைப் படமெடுப்பது சள்ளை பிடித்த வேலை. வானத்துக்கு ஏற்ற மாதிரி எடுத்தால் பாறை கரிக்கட்டையாகிவிடும். பாறைக்கு ஏற்ற மாதிரி எடுத்தால் வானம் வெந்து வெளுத்துப் போகும். அதனால் கேமராவை ட்ரைபாடில் ஆடாமல் நிறுத்தி, ஒரே காட்சியை மூன்று முறை எடுப்போம். ஒன்று இருட்டாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று வெளிச்சமாக. ஒவ்வொரு எடுப்புக்கும் எக்ஸ்போஷர் என்று பெயர். பிறகு சாஃப்ட்வேரில் மூன்றையும் போட்டால், அது ஒவ்வொன்றிலும் நல்லதை மட்டும் எடுத்து ஒரே படமாகக் கலந்து தரும். கல்யாண வீட்டில் மூன்று சமையல்காரரை வைத்து, ஒருத்தரின் சாம்பார், ஒருத்தரின் அவியல், ஒருத்தரின் பாயசம் என்று பரிமாறுவது மாதிரி. வளைகுடாப் பணத்தில் கட்டிய வீடுகளை இப்படித்தான் எடுக்கிறோம். உள்ளே சரவிளக்கும் தெரிய வேண்டும், ஜன்னல் வழியே தென்னந்தோப்பும் தெரிய வேண்டும், வாஸ்து பார்த்து வைத்த மீன்தொட்டியும் தெரிய வேண்டும். மனுஷக் கண்ணுக்கு அவ்வளவும் சேர்ந்து தெரியாது. ஆனால் வீட்டுக்காரருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதில் ஒரே ஒரு தொந்தரவு உண்டு. மூன்று எடுப்புக்கும் நடுவே ஏதாவது நகர்ந்துவிட்டால் சாஃப்ட்வேர் குழம்பிவிடும். ஒன்றில் காக்கா இருக்கும், அடுத்ததில் இருக்காது, கலந்த பிறகு அரைக்காக்கா ஒன்று புகையாக நிற்கும். அதற்குப் பேய் என்று பெயர். பேயை நீக்கவா என்று சாஃப்ட்வேரே கேட்கும், ஒரு டிக் போட்டால் போய்விடும். எங்கள் ஊர் மந்திரவாதிகள் இதைப் பார்த்தால் தூக்குப் போட்டுக்கொள்வார்கள். வேண்டுமென்றால் பேயை நீக்காமல் முழு உருவமாக்கவும் வழி இருக்கிறது. இந்த எடுப்பிலிருந்து இந்த ஆளை எடு, அந்த எடுப்பிலிருந்து அந்த ஆளை எடு என்று பிரஷ்ஷால் தடவிக் காட்டினால் போதும். ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்காத இரண்டு பேரைச் சேர்த்து நிற்க வைத்துவிடலாம்.

பிரதீஷ் கீரிப்பாறைக்காரன். ரப்பர் எஸ்டேட் குடியிருப்பில் வளர்ந்தவன். அட்டைப்பூச்சி தெரியும், ஆனை தெரியும், மழை வருகிற வாசம் தெரியும். கடலை அவன் பார்த்ததே கல்லூரிக்கு வந்த பிறகுதான். பெங்களூரில் ஏதோ கம்பெனியில் படம் திருத்தும் வேலை பார்த்துவிட்டு, அது சலித்துப்போய் என் கடைக்கு வந்தான். அக்காள் வீட்டுச் சாப்பாடு, அத்தான் கடை, அவனுக்கு என்ன குறை. லேப்டாப்பையும் அந்த சாஃப்ட்வேரையும் கொண்டுவந்தவன் அவன்தான். அவனுடைய பெயரில்தான் அது பதிவாகி இருந்தது.

கெட்டிக்காரன், அதை மறுக்க மாட்டேன். பத்மநாபபுரம் அரண்மனையின் மரவராந்தாவை நான் எடுத்தேன், அவன் கலந்தான். அந்தப் படத்துக்குப் புகைப்படக்காரர் சங்கத்தில் முதல் பரிசு கிடைத்தது. கேடயத்தில் என் பெயர். மேடையில் யாரோ, என்ன சாஃப்ட்வேர் என்று கேட்டார்கள். மனசுதான் சாஃப்ட்வேர் என்றேன். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பிரதீஷும் தட்டினான். சிரிக்கவே இல்லை, மரியாதையாகத் தட்டினான். சிரித்திருந்தால் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அன்றைக்கே மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு தேங்காய்ப்பட்டணத்தில் நௌஷாத் என்கிற துபாய்க்காரர் புதுவீட்டுப் படத்துக்காக ஃபோன் செய்தார்.

"அண்ணாச்சி, நீங்க சிரமப்பட்டு வரண்டாம், கேட்டியளா. வெயிலு கொள்ளும். பிரதீஷ மட்டும் விட்டா போதும்."

எவ்வளவு அக்கறை பாருங்கள். அந்த மாதத்திலேயே இன்னும் இரண்டு மூன்று பேருக்கு என்மேல் அதே அக்கறை வந்தது. என் மனைவி முத்துக்கனியும் ஒருநாள் தோசை சுட்டுக்கொண்டே, "தம்பி வந்தப்பொறவுதான் நம்ம கடைக்கு ஒரு முகம் வந்திருக்கு" என்றாள். அதுவரை அந்தக் கடைக்கு இருந்தது யாருடைய முகம் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் அய்யாவழிக்காரர்கள். எங்கள் கோயிலான பதியில் கண்ணாடியைப் பார்த்துத்தான் கும்பிடுவோம். உனக்குள்ளே இருப்பவனைப் பார் என்று அதற்கு அர்த்தம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வழிபாடு ஒத்துப்போய்விட்டது, அர்த்தத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டேன்.

பிறகு அவன் தனியாக ஸ்டுடியோ வைக்கப் போவதாகச் சொன்னான். எங்கள் தெருவிலேயே, பஸ் ஸ்டாண்டுக்கு ஒட்டி. "ரிப்பன் நீங்கதான் வெட்டணும் அத்தான்" என்றான். கொள்ளாம் மக்கா, நல்ல காரியம் என்றேன். கத்தரிக்கோல் என்னிடமே இருக்கிறது என்று தமாஷும் சொன்னேன்.

அந்தப் பேச்சு முடிந்த வாரத்தில்தான் நகைக்கடைக் காலண்டருக்காகக் கடல் படம் எடுக்கத் தேங்காய்ப்பட்டணம் போனோம். ஆறு கடலில் விழுகிற பொழிமுகத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பாறை நீட்டிக்கொண்டு நிற்கும், உங்களுக்குத் தெரியும். காரிலிருந்து இறங்கும்போதே பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பு போய்க்கொண்டிருந்தது. இன்றைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை உண்டு, பாறைக்கும் பொழிமுகத்துக்கும் யாரும் போகண்டாம் என்று. கடல் அப்போது எண்ணெய் ஊற்றின மாதிரி அமைதியாகக் கிடந்தது. காற்றுகூட இல்லை.

"அத்தான், கள்ளக்கடல்னா என்னது?" என்று கேட்டான் பிரதீஷ்.

"கள்ள நோட்டுன்னா என்னலே?"

"செல்லாத நோட்டு."

"கள்ள ஓட்டுன்னா?"

"அதும் செல்லாது."

"அப்போ கள்ளக்கடல்?"

"செல்லாத கடலா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அப்படியே பேண்ட்டை மடக்கிக்கொண்டு பாறைக்குப் போனான். நீங்கள் எழுதிக்கொள்ளும்போது கவனியுங்கள், மேடம், நான் பொய்யாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று கேள்விதான் கேட்டேன். பதில் எல்லாம் அவனுடையது.

கள்ளக்கடல் என்றால் எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். எங்கோ நடுக்கடலில் வீசின காற்றின் வேகம் இங்கே கரைக்கு வந்து சேருவது அது. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, கள்ளன் மாதிரிச் சத்தம் காட்டாமல் வந்து எழும்பும். முந்தின வருடம் அது இடித்துப் போட்ட வீடுகளைப் பஞ்சாயத்துக்காகப் படமெடுத்தவனே நான்தான். சுவர் இருந்த இடத்தில் மணல் இருந்தது. நல்ல படங்கள் அவை, ஒன்றிலும் கலவை தேவைப்படவில்லை.

இதுவரை எல்லாரிடமும் நான் சொல்லி வந்தது இது: பிரதீஷ் பாறையில் நின்றான், கேமராவைத் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு நான் பேட்டரி எடுக்கக் காருக்குப் போனேன், திரும்பி வந்தபோது அவன் இல்லை. உங்களிடமும் அதையே சொல்லியிருக்கிறேன். அது அவ்வளவு சரியில்லை. நான் கேமராவுக்குப் பின்னால்தான் நின்றேன். தானாக எடுக்க விடுகிற பழக்கமே எனக்குக் கிடையாது. ஒவ்வொரு எடுப்புக்கும் வெளிச்சத்தைக் கையால் மாற்றித்தான் அழுத்துவேன்.

முதல் எடுப்பில் அவன் பாறை நுனியில் எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். பாறை காய்ந்து கிடக்கிறது. வானம் குங்குமம். இரண்டாவது எடுப்பில் தண்ணீர் மட்டும்தான், பாறையே இல்லை. மூன்றாவதில் தண்ணீர் வடிந்திருக்கிறது, பிரதீஷ் இல்லை, பாறை நுனியில் சபீர் இரண்டு கையையும் கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கிறார். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த மனுஷன், ஓடி வந்து, தண்ணீர் இழுத்துக்கொண்டு போனவனைப் பிடிக்கப் பார்த்தார். சட்டைக்கை மட்டும்தான் கையில் வந்தது. பிறகு அவரும் குதித்தார். தோள் பாறையில் அடிபட்டு, வேறு ஆட்கள் வந்துதான் அவரைத் தூக்கினார்கள். மூன்று படத்தையும் நான் நிதானமாகத்தான் எடுத்தேன். கை நடுங்கவில்லை. ட்ரைபாடும் இருந்தது.

உடம்பு மறுநாள் இரயுமன்துறைப் பக்கம் ஒதுங்கியது. வீட்டில் கூட்டம். வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி, "நீங்க அங்கதானே நின்னிய?" என்று. முத்துக்கனி கேட்கவில்லை. கேட்காமலே பார்த்துக்கொண்டிருந்தாள், அது இன்னும் மோசம். இந்தக் கேள்விக்கு ஒரு படம் பதில் சொல்லிவிட்டால் என் வாய்க்கு வேலை இல்லை என்று தோன்றியது. கடையில் உட்கார்ந்து பிரதீஷின் லேப்டாப்பைத் திறந்தேன். முதல் எடுப்பிலிருந்து அவனையும் மூன்றாவதிலிருந்து சபீரையும் எடுத்தேன். பேயை நீக்கவா என்று அது கேட்டது. வேண்டாம் என்றேன்.

சாஃப்ட்வேர் செய்தது அவ்வளவுதான், மீதி முழுக்க என் கை. சபீரின் விரல் பிரதீஷின் முதுகைத் தொட வேண்டும், ஆனால் அழுத்தித் தொட்டது மாதிரி இருக்கக் கூடாது. அதற்கு ஒரு மத்தியானம் போயிற்று. நிழலை எல்லாம் ஒரே பக்கம் திருப்பினேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வானத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

முத்துக்கனி சாப்பாடு கொண்டுவந்தவள் பின்னால் நின்று பார்த்துவிட்டாள்.

"இது யாரு? இவந்தான தம்பியத் தள்ளுனான்? சொல்லுங்கோ, இவந்தான?"

"நான் பாக்கல்ல முத்து. கேமராதான் பாத்துருக்கு."

தூக்குவாளி கையிலிருந்து நழுவி ரசம் தரையெல்லாம் ஓடியது. அவள் அழுத அழுகையை நான் மறக்கவில்லை, பாவமாகத்தான் இருந்தது. படத்தைத் தன் ஃபோனில் பிடித்துக்கொண்டு அவளேதான் ஸ்டேஷனுக்கு ஓடினாள். நான் அனுப்பவில்லை, தடுக்கவும் இல்லை. சட்டைக்கை சபீரிடம் இருந்தது. "ஏறி வாலே, செத்துப் போவா" என்று அவர் கத்தினதைக் கேட்ட நாலுபேர் சாட்சி இருந்தார்கள். வா என்று கூப்பிட்டதை விட்டுவிட்டு, சாகப் போகிறாய் என்று மிரட்டினதாக அவர்கள் சொன்னார்கள். நீங்களும் படத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டீர்கள். நான் உங்களைக் குறை சொல்லவில்லை. படம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

நடுவில் சபீரின் மனைவி ஜுஹைனா கடைக்கு வந்தாள். ஜெயிலில் அவரைப் பார்க்கப் போக பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டுமாம். ஊரில் வேறு ஸ்டுடியோ இல்லையா என்று கேட்கவில்லை. என்னைப் பார்க்கத்தான் வந்திருந்தாள்.

"அண்ணே, ஒங்க மச்சினன பிடிக்கதுக்குத்தான் அவிய கடல்ல சாடுனாவ. தோளு அடிபட்டு இப்பளும் ஒரு கை மேல பொங்காது. ஒங்களுக்குத் தெரியும்லா? நீங்க ஒரு வாக்கு சொன்னா போதும்."

தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்ம்மா என்றேன். அழுத கண் படத்தில் வீங்கித் தெரிந்தது, அதையும் சரிசெய்து கொடுத்தேன். சும்மா செய்து கொடுத்தேன். மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது ஏன் வாயைத் திறந்தேன் என்றால், அதற்குக் காரணம் நீங்கள்தான். உங்கள் ஆட்கள் படத்தை ஆராய்ந்து, பிரதீஷின் காலடியில் பாறை காய்ந்திருக்கிறது, சபீரின் காலடியில் நனைந்திருக்கிறது, ஆகவே இது இரண்டு நேரத்துப் படம் என்று கண்டுபிடித்தார்கள். சபாஷ். அந்த ஈரத்தை நான் விட்டது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு எழுதியிருக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மிக நேர்த்தியான கைவேலை, படத்துக்குள் பிரதீஷ் பெயர் பதிவாகி இருக்கிறது, லேப்டாப்பின் தேதி எப்போதுமே தப்பு, எனவே இது அவர் முன்பே செய்து வைத்ததுதான் என்று. வெளியே வந்தால் போதும் என்று, ஆமாம், முன்பு ஒருநாள் அவனுக்குப் போஸ் கொடுத்தேன் என்று சபீரும் தலையாட்டிவிட்டாராம். போதாக்குறைக்கு, "எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பெட்டியில ஒண்ணும் தெரியாது, எல்லாம் தம்பிதான்" என்று முத்துக்கனி சாட்சி சொன்னதாக நீங்களே என்னிடம் வாசித்துக் காட்டினீர்கள். வாசிக்கும்போது லேசாகச் சிரித்தீர்கள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சிரித்தீர்கள் என்று தெரியும்.

செத்தவனுக்கு எதற்கு இந்தப் பெருமை? பரிசுப் படத்தை அவன் கலந்தான், சரி, ஒத்துக்கொள்கிறேன். நௌஷாத் வீடு அவன், சரி. இது நான். ஒவ்வொரு விரலும் நான். அவன் பெயரைத் தாங்கிய பேப்பரில் நான் கையெழுத்துப் போட்டால், என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல கலவையும் அவனுக்கே போய்விடும். இதைத் திருத்தி வேறு பேப்பர் எழுதுங்கள். சபீரை அதற்குள் அனுப்பிவிடுங்கள், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முழுவதும் சொல்லச் சொல்கிறீர்கள். முதல் எடுப்புக்கும் இரண்டாவதற்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். கேள்வி நல்ல கேள்விதான்.

முதல் படம் எடுத்ததும் கடல் உள்வாங்கியது. சிப்பி ஒட்டின அடிப்பாறை வரை தெரிந்தது. என்ன வருகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. சபீர் கத்தினது அப்போதுதான். பிரதீஷ் திரும்பினான். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். ஏறி வரவா என்று என்னிடம் கேட்டான். ஒரு எட்டு வைத்திருந்தால் போதும், மேட்டுக்கு வந்திருப்பான். நான் இடது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினேன். எங்கள் தொழிலில் அதற்கு, அப்படியே நில், ஆடாதே என்று அர்த்தம். அவன் நின்றான். தொழில் தெரிந்த பிள்ளை, மூன்று எடுப்பும் முடிகிற வரை ஆடக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். பின்னால் தண்ணீர் எழும்பின நிழல் மேலே விழுந்ததும், வாயைத் திறந்து "அத்தான்" என்றான். மறு கை பட்டனில் இருந்தது. அழுத்தினேன்.

மூன்றிலும் சேராத அந்த நாலாவது படம் எங்கே என்கிறீர்கள். முத்துக்கனி தம்பிக்கு நல்ல படம் ஒன்று வேண்டும், முகம் நேராகப் பார்க்கிற படமாக வேண்டும் என்று கேட்டபோது, கழுத்துக்குக் கீழே வெட்டி, பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டு முன்னறையில்தான் மாட்டியிருக்கிறது. தினமும் அதற்குப் பூ வைத்து விளக்கு ஏற்றுகிறாள். வருகிறவர்கள் எல்லாரும், பாவி, எப்படி வாய் நிறையச் சிரிக்கிறான் பாரு என்றுதான் சொல்கிறார்கள். படத்தை எடுத்து வரச் சொல்லி ஆள் அனுப்புங்கள், பார்த்தால் உங்களுக்கே தெரியும். அந்த முகத்தில் நான் எதையும் சேர்க்கவில்லை, எதையும் நீக்கவில்லை, மேடம். ஒரே எக்ஸ்போஷர்.